கால் மணிக்கு ஒரு தடவை திறக்கும் வழி

ரேடியோ வழி மறுபடியும் மூடிக்கொண்டது. திரையில் டன்னிகன் என்ற பெயருக்கு எதிரே இருந்த பச்சைப் புள்ளி சிவப்பானது. ஆன்ஸல் ஹாகன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். பாஸ்வேர்டில் பாதி எழுத்துதான் போய்ச் சேர்ந்திருந்தது.

"போச்சா?" என்று மார்லிஸ் கேட்டார்.

"போச்சு."

"இன்னும் கால் மணியா?"

"கால் மணி."

மார்லிஸ் அந்தத் தொலைபேசிக் கூட்டுறவின் மேலாளர். கம்பம் ஏறும் வேலையில் தொடங்கி மேலாளர் நாற்காலிக்கு வந்தவர். ரூட்டர் என்ற பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதும் இல்லை. அதற்குத்தான் ஆன்ஸல் இருந்தான். மேற்கு மொன்டானாவில் அவர்கள் கம்பி போட்டிருந்த இடத்துக்கெல்லாம் அவன் ஒருத்தன்தான்.

ஜன்னலுக்கு வெளியே பகல் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. கார்கள் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு போயின. காலையில் காட்டுத் தீ நெடுஞ்சாலை ஓரமாக இறங்கி, மலை நெருங்கி நிற்கும் இடுக்கில், கம்பங்களோடு சேர்த்து ஃபைபர் கேபிளையும் எரித்துவிட்டது. அதற்குப் பிறகு டன்னிகன் பள்ளத்தாக்குக்கு மிஞ்சியது முகட்டுக் கோபுரத்திலிருந்து தாவும் ரேடியோ மட்டும்தான். வீட்டுத் தொலைபேசி, அங்கிருந்த ஒரே செல்போன் கோபுரம், இணையம் எல்லாமே ஒரு தகரக் குடிலில் இருந்த ரூட்டர் வழியாக அந்த ரேடியோவுக்குள் நுழைந்தாக வேண்டும்.

ஷெரிஃப் அலுவலகம் சொல்ல வேண்டிய செய்தி சின்னது. உடனே கிளம்புங்கள், நெடுஞ்சாலையில் கீழே இறங்காதீர்கள், மேலே கணவாய்ச் சாலை வழியாகப் போங்கள். பள்ளத்தாக்குக்காரர்கள் எதற்குக் கிளம்பினாலும் கீழே இறங்கித்தான் பழக்கம். இன்று இறங்கினால் நேராகத் தீக்குள் போவார்கள். அந்தப் புகையில் பக்கத்தில் போகும்வரை அது தெரியாது.

அறுபது சொச்சம் வீடுகள். அதில் ஒன்றில் ஆரின் இருந்தார். ஆன்ஸலுடைய மனைவி பிரிட்டாவின் அப்பா. பிரிட்டா போய் இரண்டு வருடம் ஆகிறது.

மேஜை மேல் இருந்த தொலைபேசியிலிருந்து லோர்னாவின் குரல் வந்தது. ஷெரிஃப் அலுவலகத்தில் அவசர அழைப்புகளைப் பார்ப்பவள் அவள். காலையிலிருந்து அந்த லைனை இருவரும் வைக்கவே இல்லை.

"ஆன்ஸல், இந்தத் தடவை எட்டு வீட்டுல எடுத்தாங்க. ஒன்பதாவது ஆள் ஹலோன்னு சொல்லும்போதே செத்துப்போச்சு. என்னதான் பண்றே அங்க?"

"நான் பண்ணல. நான் எழுதி வச்சது பண்ணுது."

"அப்போ அதை எடுத்துத் தொலை."

"எடுக்கத்தான் பாக்குறேன். உள்ள விட மாட்டேங்குது."

"நீ எழுதினதே உன்னை உள்ள விட மாட்டேங்குதா? ரொம்ப நல்லா எழுதியிருக்கே."

நன்றாகத்தான் எழுதியிருந்தான். அதுதான் சிக்கல்.

பிரிட்டா மருத்துவமனையில் இருந்த குளிர்காலத்தில் இதே ரேடியோ விழுந்தும் எழுந்தும் தொல்லை கொடுத்தது. கோபுரத்தில் பனி பிடிக்கும், பாதை நொண்டும், பள்ளத்தாக்கில் பேச்சு துண்டு துண்டாகப் போகும், ஆன்ஸலின் கைபேசி அடிக்கும். அவன் அறையை விட்டு நடைபாதைக்குப் போய், மடியில் கணினியை வைத்து, ரூட்டரில் ரேடியோ நுழையும் போர்ட்டைக் கையால் மூடுவான். எல்லாம் ஃபைபருக்கு மாறிக்கொள்ளும். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து பார்ப்பான். பிரிட்டாவின் கடைசி மாலையில் அவன் நடைபாதையில்தான் இருந்தான்.

சவ அடக்கம் முடிந்த வாரம் ரூட்டருக்கு ஒரு விதியை எழுதினான். ரேடியோவில் போகும் தகவலில் இவ்வளவுக்கு மேல் தொலைந்தால் போர்ட்டை மூடு. கால் மணி பொறு. திறந்து பார். தொலைந்தால் மறுபடி மூடு. யாரையும் கூப்பிட வேண்டாம். அவன் விரல் செய்துவந்ததைப் பெட்டியே செய்துகொண்டது. இரண்டு வருடமாக அந்த ரேடியோவுக்காக அவனை யாரும் எழுப்பவில்லை.

மூடுவதற்கு முன் ஃபைபர் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் அந்த விதி கேட்கவில்லை. அதை அவன் எழுதவில்லை. நடைபாதையில் உட்கார்ந்திருந்த காலத்தில் ஃபைபர் ஒருமுறைகூடப் போனதில்லை.

இன்று ரேடியோவில் பழுது இல்லை. ஒல்லியான அந்த வழிக்குள் பள்ளத்தாக்கு முழுக்க ஒரே நேரத்தில் நுழையப் பார்த்தது. திறந்த உடனே, எண்களைத் தானாக அழுத்தும் லோர்னாவின் டயலர் எல்லா வீட்டுக்கும் சேர்த்து மணி அடிக்கும். வீட்டுக்காரர்கள் மகனுக்கும் மகளுக்கும் போன் போடுவார்கள். வழி திணறும், தகவல் தொலையும், விதி எண்ணிப் பார்த்துவிட்டு மூடும். நெரிசலுக்கும் பழுதுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. அதே நெரிசலில்தான் ஆன்ஸலும் உள்ளே போக வேண்டும். அவசரத்துக்கென்று அவன் வைத்திருந்த தனிக் கம்பி ஃபைபரோடு எரிந்துபோயிருந்தது.

"லோர்னா, உன் டயலரைக் கொஞ்சம் கொஞ்சமா அடிக்க வைக்க முடியாதா?"

"முடியுமான்னு அந்தக் கம்பெனிக்காரனைக் கேட்டு ஒரு மணி நேரமா இன்னொரு காதுல பாட்டு கேட்டுக்கிட்டு இருக்கேன். ஒண்ணு ஓட்டலாம், இல்ல நிறுத்தலாம். என் கையில இருக்கிறது அவ்வளவுதான்."

"அப்போ அடுத்த தடவை திறக்கும்போது நிறுத்தி வை."

அந்தப் பக்கம் பின்னால் வேறு தொலைபேசிகள் அடித்துக்கொண்டிருந்தன.

"திரும்பச் சொல்லு."

"டயலரை நிறுத்து. அது இல்லாட்டியும் மூடத்தான் செய்யும். ஆனா ஒரு நிமிஷமாவது தாங்கும். அதுக்குள்ள உள்ள போய் விதியை எடுத்துடுவேன். அப்புறம் மூடாது."

"நீ என்ன கேக்குறேன்னு தெரிஞ்சுதான் கேக்குறியா? கால் மணிக்கு ஒரு தடவை கதவு திறக்குது. ஒவ்வொரு தடவையும் எட்டுப் பேரைச் சொல்லி வெளிய அனுப்புறேன். அந்த எட்டுப் பேரை விட்டுக்குடுன்னு கேக்குறே."

"ஒரே ஒரு தடவை."

"அதுல நீ உள்ள போகலைன்னா?"

"போயிடுவேன்."

"போகலைன்னா, ஆன்ஸல்."

"அரை மணி போச்சு."

லோர்னா மூச்சு விடுவது கேட்டது. "ஆரின் இன்னும் எடுக்கல. தெரியுமா உனக்கு? அவர் நம்பர் சிவப்பாத்தான் இருக்கு. அடுத்த தடவை அவருக்கே கிடைக்கலாம்."

"கிடைக்கலாம்."

"பிரிட்டாவோட அப்பாடா."

"அவர் யாருன்னு எனக்குத் தெரியும், லோர்னா."

மார்லிஸ் தொலைபேசியின் பக்கம் குனிந்தார். "லோர்னா, நான் மார்லிஸ். இவன் சொல்றபடி செய். பொறுப்பு என்னோடது."

"உங்க பொறுப்பை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது மார்லிஸ், ஊறுகாய் போடவா? இருங்க. ஷெரிஃபைக் கேக்குறேன்."

திரும்பி வர நேரம் பிடித்தது. "சரின்னுட்டார். ஒரு தடவை. ஒண்ணுன்னா ஒண்ணுதான்."

மிச்ச நேரத்தில் ஆன்ஸல் கட்டளைகளை ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதி வைத்தான். அதை அப்படியே ஒட்டினால் போதும். பாஸ்வேர்டை மட்டும் கையால் அடிக்க வேண்டும். மார்லிஸ் அவனுக்குப் பின்னால் நின்றார். காப்பி வேண்டுமா என்று கேட்டார். அவன் தலையை ஆட்டினான். வேண்டும் என்றா வேண்டாம் என்றா என்பது அவனுக்கே தெரியவில்லை.

புள்ளி பச்சையானது.

இந்த முறை பெயர் கேட்டது. கொடுத்தான். பாஸ்வேர்டு கேட்டது. எழுத்துகள் மெதுவாக, ஆனால் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. உள்ளே விட்டது.

எழுதி வைத்ததை ஒட்டும் முன், அவன் யோசிக்காமலே விரல் முதல் வரியாக ஒன்றை அடித்தது: பத்து நிமிடத்தில் ரீஸ்டார்ட். தூரத்துப் பெட்டியில் கை வைக்கும் எவரும் முதலில் செய்வது இது. தவறான மாற்றம் ஒன்றைச் செய்து தன்னையே வெளியே பூட்டிக்கொண்டால், பெட்டி தானாக எழுந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மலை ஏறிப் போக வேண்டியதில்லை. எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு அந்த ரீஸ்டார்ட்டை ரத்து செய்ய வேண்டும், மாற்றத்தைச் சேமிக்க வேண்டும். பத்து வருடப் பழக்கம். பல முறை அவனைக் காப்பாற்றிய பழக்கம்.

அடுத்தது விதியை நீக்கும் வரி. ஒவ்வொரு விதிக்கும் ஒரு பெயர் வேண்டும். அந்த வாரம் பெயர் கேட்டபோது வேறு எதுவும் தோன்றாமல் பிரிட்டா என்று கொடுத்திருந்தான். இப்போது பிரிட்டாவை நீக்கு என்ற வரியை அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பினான். பெட்டி மறு கேள்வி கேட்கவில்லை.

ஒரு நிமிடம் தாண்டியது. இரண்டு தாண்டியது. புள்ளி பச்சையாகவே இருந்தது.

"லோர்னா, ஓட்டு."

"ஓட்டிட்டேன்." கொஞ்ச நேரத்தில், "எடுக்குறாங்க. ஆன்ஸல், எடுக்குறாங்க. கரகரன்னு கேக்குது, ஆனா புரியுது" என்றாள்.

மார்லிஸ் அவன் தோளில் கை வைத்து எடுத்தார். அவன் இன்னொரு தொலைபேசியை இழுத்து ஆரினுடைய எண்ணை அழுத்தினான். நெரிசல். மறுபடி அழுத்தினான். நெரிசல். எத்தனையாவது முறையிலோ மணி போயிற்று. அவன் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

"யாரு?"

"நான்தான், ஆரின். ஆன்ஸல்."

"ஓ. மாப்பிள்ளை சார். கிறிஸ்துமஸுக்கு வராத போன் இப்போ வருது."

"கேளுங்க. உடனே கிளம்புங்க. கீழ போகாதீங்க. மேல, கணவாய் வழியாப் போங்க."

"நாயை ட்ரக்குல ஏத்தியாச்சு. கீழதான் போறேன். இதுக்குத்தான் உள்ள கூப்பிட்டியா?"

"கீழ தீ, ஆரின். இடுக்கு எரியுது."

"மேல சாலையில இரும்பு கேட்டு இருக்கே. வனத்துறைக்காரன் ரெண்டு கோடையா பூட்டித்தானே வச்சிருக்கான். பூட்டின கேட்டு முன்னாடி நின்னு வேகச் சொல்றியா? அதுக்குக் கீழயே போய் வேகலாம். டீசலாவது மிச்சம்."

"திறக்க ஆள் போயிருக்கு."

"திறந்தாச்சா, திறக்கப் போறாங்களா? எனக்கு அது தெரியணும்."

"லைன்ல இருங்க. கேட்டுச் சொல்றேன்." அவன் தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு மேஜைப் பக்கம் குரல் கொடுத்தான். "லோர்னா, கணவாய் கேட்டு திறந்தாச்சா?"

"இரு. போலீஸ் ரேடியோவுல கேக்குறேன்."

மார்லிஸ் திரையைக் காட்டினார். "தம்பி, இங்க என்னமோ எழுதுதே. ஒரு நிமிஷம்னு போட்டிருக்கு."

ஆன்ஸல் திரும்பாமல் கையை உயர்த்தினான். பொறுங்கள் என்று.

"திறந்தாச்சாம்," என்றாள் லோர்னா. "சங்கிலியை வெட்டிட்டாங்க. முதல் வண்டி தாண்டிடுச்சு."

அவன் தொலைபேசியைப் பொத்திய கையை எடுத்தான். "ஆரின், திறந்தாச்சு. கேக்குதா? ஆரின்."

காதில் ஒன்றும் இல்லை. இரைச்சல்கூட இல்லை.

திரும்பினான். புள்ளி சிவப்பாக இருந்தது. அதன் கீழே பெட்டி விட்டுப்போன கடைசி வரி இருந்தது. அதைப் படிக்க வேண்டியதில்லை. ரத்து செய்யும் வரியை அவன் அனுப்பவே இல்லை. அதற்குப் பதில் தொலைபேசியை எடுத்திருந்தான். சேமிக்கவும் இல்லை. குடிலில் பெட்டி அணைந்து, எழுந்து, இரண்டு வருடம் முன்பு எழுதியதை அப்படியே எடுத்துக்கொண்டு உட்காரும். நீக்கிய விதியோடு.

"ஆன்ஸல், என் பக்கம் எல்லாம் நின்னுபோச்சு," என்றாள் லோர்னா.

"ரீஸ்டார்ட் ஆகுது."

"ஏன்?"

"நான் போட்டது. எடுக்க மறந்துட்டேன்."

லோர்னா கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கத்தவில்லை. "எவ்வளவு நேரம்?"

"ஏழு நிமிஷம். எட்டு."

"இருபது வீடு இன்னும் பாக்கி."

"தெரியும்."

"தெரியும் தெரியும்னு சொல்லாதே. பேசாம இரு."

செய்ய ஒன்றும் இல்லை. பெட்டி தானாக எழும்வரை யார் என்ன செய்தாலும் பலிக்காது. மார்லிஸ் ஜன்னலிடம் போய் நின்றார். பிறகு திரும்பி வந்து, "நான் உன் நாற்காலியைத் திருப்பியிருக்கணும்" என்றார். ஆன்ஸல் இல்லை என்று தலையசைத்தான். அவனுக்கு ஆரினுடைய முற்றம் கண்ணில் வந்தது. ட்ரக், நாய், வீட்டுக்குள்ளே தோளில் இடுக்கிய தொலைபேசி. இரு என்றவன் குரல் திரும்பி வராத தொலைபேசி. எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நிற்பார்? பிறகு சாவியைத் திருகுவார். முற்றத்தின் வாயிலில் இடது பக்கம் திரும்பினால் மேலே. வலது பக்கம் கீழே. நாற்பது வருடமாக வலது பக்கம்தான்.

பெட்டி எழுந்ததும் கொஞ்ச நேரம் விதி எதையும் எண்ணாது. வீட்டுத் தொலைபேசிகளும் தட்டுத் தடுமாறித்தான் ஒட்டிக்கொள்ளும். அந்த இடைவெளி அவனுக்குப் போதும். அவன் பாஸ்வேர்டை மனதுக்குள் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

புள்ளி பச்சையானதும் உள்ளே போனான். விரல் பழைய முதல் வரிக்குப் போயிற்று. அதை நிறுத்தினான். வாழ்நாளில் முதல் தடவையாகக் காப்பு எதுவும் போடாமல் தூரத்துப் பெட்டியில் கை வைத்தான். பிரிட்டாவை நீக்கினான். சேமித்தான். சேமித்ததா என்று பார்த்தான். மறுபடி பார்த்தான்.

"ஓட்டு."

ஆரினுடைய வீட்டுக்கு மணி போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. வைத்துவிட்டு மறுபடி அழுத்தினான். வெறும் வீட்டில் அடிக்கும் மணிக்கு ஒரு சத்தம் உண்டு. அது அவனுக்குப் பழக்கம்.

"கணவாயில கேளு, லோர்னா. பழுப்பு ட்ரக். நாய் இருக்கும்."

"கேட்டுட்டேன். வரல."

அவன் கையில் இருந்த தொலைபேசியை வைத்த உடனே அது அடித்தது. டன்னிகன் எண். ஆரினுடையது அல்ல.

"மாப்பிள்ளை, இருன்னு சொல்லிட்டு எங்க போய்த் தொலைஞ்சே?"

"எங்க இருக்கீங்க?"

"ஸ்ட்ரவுட் அம்மா வீட்டு அடுப்படியில. பாதி தூரம் மேல வந்துட்டேன். கேட்டு திறந்திருக்கா இல்லையான்னு தெரியாம எப்படிப் போறது? வழியில இந்தம்மா பூனையைப் பெட்டியில அடைக்க ஓடிக்கிட்டு இருந்தா. போன் வேலை செய்யுதான்னு பாக்க ஏறினேன். செய்யுது."

"திறந்திருக்கு. போங்க."

"நீ பாத்தியா?"

"லோர்னா சொன்னா. ஆளுங்க அங்கயே நிக்கிறாங்க."

"லோர்னா சொன்னாளா? அப்போ சரி. நீ மட்டும் சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன்." பின்னால் ஒரு பெண் பூனையைத் திட்டுவது கேட்டது. "இந்தம்மாவையும் ஏத்திக்கிறேன். பூனையும் நாயும் அடிச்சுக்கப் போகுது."

"அடிச்சுக்கட்டும். கிளம்புங்க."

"ஆன்ஸல்."

"ம்."

"ஒண்ணுமில்ல. வைக்கிறேன்."

அவன் தொலைபேசியை வைத்தான். மார்லிஸ் கேட்காமல் காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். அது ஆறும்வரை அவன் தொடவில்லை. லோர்னா வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். எடுத்தாங்க. எடுத்தாங்க. இவங்க முன்னாடியே கிளம்பிட்டாங்க, கணவாயில பாத்தாச்சு. கொஞ்ச நேரம் கழித்துப் பழுப்பு ட்ரக் ஒன்று தாண்டியது என்றாள். உள்ளே ஒரு கிழவரும் ஒரு பெண்ணும் கத்திக்கொண்டிருந்தார்களாம்.

"சரி," என்றான் ஆன்ஸல்.

அதன்பின் ரூட்டர் இருந்த தகரக் குடிலில் வெப்பம் ஏறத் தொடங்கியது. பெட்டி அதைத் திரையில் எழுதிக்கொண்டே இருந்தது. எழுதுவது நின்றது. புள்ளி சிவப்பானது. இந்த முறை எந்த விதியும் மூடவில்லை. கால் மணி கழிந்தும் திறக்கவில்லை.

"எத்தனை பாக்கி?" என்று கேட்டான்.

"ரெண்டு," என்றாள் லோர்னா. அவள் குரல் தேய்ந்திருந்தது. "அந்த ரெண்டுக்கும் மணி போய்க்கிட்டு இருக்கும்போதுதான் உன் பெட்டி ரீஸ்டார்ட் ஆகப் போச்சு. திரும்ப அடிச்சப்போ யாரும் எடுக்கல."

"கிளம்பியிருக்கலாம்."

"கிளம்பியிருக்கலாம். கணவாய்ப் பக்கம் வரல."

மார்லிஸ் மறுபடி ஜன்னலிடம் போனார்.

"யாரு அவங்க?" என்றான் ஆன்ஸல்.

"ஒண்ணு ப்ரூயிட். புருஷன் பொண்டாட்டி. இன்னொண்ணு வாடகைக்கு விடுற வீடு. யார் இருந்தாங்கன்னு தெரியல. தீ தணிஞ்சாத்தான் ஆள் போக முடியும்." கொஞ்சம் நிறுத்தினாள். "என்ன நடந்துச்சுன்னு ஷெரிஃபுக்குச் சொல்லணும், ஆன்ஸல். ரீஸ்டார்ட் ஆனதை."

"சொல்லு. நான் போட்டதுன்னு சொல்லு."

"சொல்றேன்."

"அந்த ரெண்டு நம்பரையும் குடு."

அவள் கொடுத்தாள். அவன் முதல் எண்ணை அழுத்தினான். மணி போகவில்லை. தொடர்பில்லை என்ற வேகமான டொக் டொக் மட்டும் வந்தது. வைத்துவிட்டு மறுபடி அழுத்தினான்.

"பெட்டி இருந்த குடிலே எரிஞ்சுபோச்சுப்பா," என்றார் மார்லிஸ். "போகாது."

"தெரியும்," என்றான். இரண்டாவது எண்ணை அழுத்தினான்.